கரையை அளந்த குடைக்கம்பி

2011 பிப்ரவரி 9, புதன்கிழமை, காலை பத்து இருபது. வானத்தில் மேகம் ஒன்றுகூட இல்லை, காற்றும் இல்லை. ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு நின்ற நாட்கள் அவை. மற்ற மாதங்களில் நிலத்தைத் தொடாத வெயில் அன்று தோட்டின் இரண்டு கரைகளிலும் அடிவரை விழுந்துகொண்டிருந்தது. நான் என் வீட்டுக் கடவில், தண்ணீருக்கு இறங்கும் படித்துறையில், நான்காவது படியில் உட்கார்ந்து, குடையை மடியில் விரித்து வைத்து, அதன் எட்டுக் கம்பிகளில் ஒன்றைக் குறடால் முறித்தெடுத்தேன். வாங்கி நான்கு மாதமே ஆன குடை. முறிப்பதற்கு முன் எட்டும் இருக்கிறதா என்று இரண்டு முறை எண்ணிக்கொண்டேன். ஏழு கம்பியிலும் ஒரு குடை நிற்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற மண் மேடம், "வேண்டாம் சார், இன்னொரு நாள் வாறேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் கம்பி என் கையில் இருந்தது.

தோடு என்று எங்கள் பக்கத்தில் சொல்வது சிற்றாற்றை. குலசேகரத்துக்கு மேலே மலைச்சரிவில் தொடங்கி, ரப்பர்த் தோட்டங்களுக்கு ஊடே வளைந்து இறங்கி, என் முப்பத்தேழு சென்ட் நிலத்தின் தெற்கு எல்லையாக ஓடிப் பெரிய ஆற்றில் போய்ச் சேரும். கோடையில் அதன் அகலம் பன்னிரண்டு அடி. மழைக்காலத்தில் எத்தனை என்று அளக்க எனக்குத் துணிவு வந்ததில்லை. என் கரையோரம் ஒரே வரிசையில் ஒன்பது தென்னைகள் நின்றன. பள்ளியில் கணக்கு ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த வருடம் நான் நட்டவை. நேர் எதிரே, அக்கரையில், பால்வெட்டுகாரனின் வீடு. ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவரை இங்கே அப்படித்தான் அழைப்போம். அவனும் அவன் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்த அந்த ஓட்டு வீட்டின் பின்சுவரிலிருந்து கரை விளிம்புவரை நான் முதன்முதலில் நடந்து பார்த்தபோது பதினேழு காலடி. மூன்று வருடம் கழித்து, நான் சொல்லும் இந்தப் புதன்கிழமையன்று, பதினொன்று. எல்லாவற்றையும் எண்ணிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். எண்ணியதை யாரிடம் சொல்லவேண்டும், யாரிடம் சொல்லாமல் விட்டோம் என்பதில்தான் எனக்குக் கணக்கு பிழைத்திருக்கிறது.

ஊராட்சிக்கு அந்த வருடம் நாற்பது மீட்டர் நீளத்தில் ஒரு கருங்கல் பக்கச்சுவருக்கு அனுமதி கிடைத்திருந்தது. ஒரு கரைக்குத்தான் அது காணும். என் கரை நாளுக்கு நாள் இடிந்துகொண்டிருக்கிறது, தென்னைகள் தோட்டில் சரியப்போகின்றன என்று மூன்று வருடத்தில் நான் ஏழு மனுக்கள் கொடுத்திருந்தேன். ஏழிலும் அக்கரை வீட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. பால்வெட்டுகாரன் மனுவே கொடுக்கவில்லை. அவனுக்கு எழுத்து வராது என்பதல்ல, என்னிடம் எட்டாம் வகுப்புவரை படித்தவன்தான். மனு எழுதிச் சுவர் கேட்கலாம் என்பதே அவனுக்குத் தோன்றவில்லை. தலைவருக்குத் தர்மசங்கடம். மனுவைப் பார்த்தால் சுவர் எனக்கு, கண்ணால் பார்த்தால் அவனுக்கு. கடைசியில் ஒரு பொறியியல் கல்லூரியில் சொல்லி, இரண்டு கரை மண்ணையும் அளந்து பார்ப்பது, எது சீக்கிரம் கரைகிறதோ அந்தக் கரைக்குச் சுவர் என்று முடிவு செய்தார்கள். வெள்ளிக்கிழமை கூட்டம். அதற்குள் அளவு வந்தாக வேண்டும். அதற்காக அந்தக் கல்லூரியிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவிதான் மண் மேடம்.

அந்தப் பெயரை ஊர் வைத்தது. அவருக்கு அப்போது முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரைக் குடும்பம். அப்பா கட்டுமரத்தில் போனவர். கையில் ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம், தோளில் சிமென்ட் நிறத்தில் ஒரு பை, காலில் ரப்பர் செருப்பு. எதற்கும் பதறமாட்டார். ஜீப் வரும் வழியில் தோட்டத்துப் பாதைப் பள்ளத்தில் குதித்ததில், மண்ணில் விழும் குழியின் ஆழம் பார்க்கும் அளவுகோல் இரண்டாக முறிந்துபோயிருந்தது. அதை வெளியே எடுத்தபோதும் அவர் முகம் மாறவில்லை. எனக்குத்தான் அவசரம். ஜீப் அன்றைக்கு மட்டும்தான் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை போனால் அடுத்த கூட்டம் எப்போதோ. அதனால்தான் குடைக்கம்பி.

கம்பியின் நீளம் ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். அதில் கோடு போட எதுவும் இல்லை. பால்வெட்டுகாரனின் மனைவி அக்கரையிலிருந்து தன் மூத்த மகளின் நெயில் பாலிஷ் குப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல சிவப்பு. பள்ளி அளவுகோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அரை சென்டிமீட்டருக்கு ஒன்றாக நூற்றுப் பதினாறு கோடுகளை நானே போட்டேன். முக்கால் மணி நேரம் ஆனது. மேடம் வாங்கிப் பார்த்து, இடையில் நான்கு இடங்களைத் தன் முறிந்த அளவுகோலின் துண்டால் சரிபார்த்துவிட்டு, "எங்க லேப்ல உள்ளதவிட நல்லா இருக்கு சார்" என்றார். அந்த வார்த்தை எனக்குத் தேவைக்கு மேல் பிடித்துவிட்டது. அதற்கடுத்த அரை மணி நேரத்தில் நான் செய்த காரியத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அளக்கும் முறை எளிமையானது. கரைக்கு மேலே கல் அடுக்கி அதன்மேல் ஒரு நீல டிரம். அதிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் இறங்கி வரும். குழாயின் நுனியில் ஆறு மில்லிமீட்டர் துளையுள்ள பித்தளை மூக்கு. கரையின் முகத்தில் ஒரு இரும்பு வளையத்தை அழுத்திப் பதித்து, அதற்குள் தண்ணீர் நிற்கும்படி மூடி, பித்தளை மூக்கை மண்ணுக்கு நேராகப் பிடித்துத் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். டிரம்மில் தண்ணீர் மட்டம் இறங்கக்கூடாது. இறங்கினால் வேகம் மாறும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, மூக்கின் துளை வழியாகக் கம்பியை விட்டு, மண்ணில் எவ்வளவு குழி விழுந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும். ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு அளவுகள். அதிலிருந்து இரண்டு எண்கள் வரும் என்று மேடம் விளக்கினார். எவ்வளவு விசை பட்டால் இந்த மண் விட்டுக்கொடுக்கத் தொடங்குகிறது என்பது முதல் எண். தொடங்கிவிட்டால் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது இரண்டாவது. முதல் எண்ணை மட்டும் பார்த்து யாரும் நம்பிவிடக்கூடாது, வெகு நேரம் தாங்கிவிட்டு ஒரே போக்காகப் போகும் மண்ணும் உண்டு என்றார். நான் தலையாட்டினேன். முதல் எண்தான் என் மனதில் தங்கியது. அது மார்க் போல இருந்தது.

"கரையில எல்லா எடத்திலயும் இருக்கிற மாதிரி மண்ணுள்ள ஒரு எடம் காட்டுங்க சார். ரொம்ப நல்லதும் வேண்டாம், ரொம்ப மோசமும் வேண்டாம்" என்று கேட்டார். கேட்டது என்னிடம். சுவர் வேண்டும் என்று ஏழு மனு கொடுத்தவன் நான். என் கரையில் மண் பொலபொலவென்று உதிரும் இடங்கள் இரண்டு இருந்தன, ஏழாவது தென்னைக்குக் கீழே ஒன்று, ஒன்பதாவதுக்கு அப்பால் ஒன்று. அங்கே கூட்டிப்போயிருந்தால் சுவர் எனக்குத்தான். நடுத்தரமான இடத்தைக் காட்டியிருந்தால் நியாயமாவது மிஞ்சியிருக்கும். நான் கூட்டிப்போனது மூன்றாவது தென்னைக்கும் நான்காவதுக்கும் இடையில், வெட்டுக்கல் கலந்த செம்மண் இறுகி, மண்வெட்டி பட்டால் கணீரென்று ஒலிக்கும் இடத்துக்கு. தண்ணீர் மட்டத்துக்கு மேலே, நெஞ்சளவு உயரத்தில். ஏன் அப்படிச் செய்தேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். முப்பத்துமூன்று வருடம் பள்ளியில் இருந்தவன். ஆய்வாளர் வருகிறார் என்றால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை முன்பெஞ்சில் உட்காரவைப்போம். அவர் கேள்வி கேட்கும்போது அந்தப் பக்கமே கை காட்டுவோம். அளக்க ஒருவர் வந்து நின்றதும், சுவர், மனு, தென்னை எல்லாம் மறந்து, என் பக்கத்துக்கு மார்க் குறையக்கூடாது என்பது ஒன்றுதான் எனக்கு நினைவில் நின்றது.

பால்வெட்டுகாரனுக்கு அந்த மாதம் வேலை கிடையாது. இலை உதிர்ந்த மரத்தில் யாரும் பால் எடுப்பதில்லை. அவன் தோட்டில் இறங்கி வாளி வாளியாகத் தண்ணீர் கோரி டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தான். பத்து லிட்டர் வாளி. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"சாரே, எண்ணுதியளா?"

"முப்பத்திரெண்டு."

"எனக்கு முப்பத்தி நாலுண்ணு தோணிச்சு."

"ஒனக்க கணக்கு எனக்குத் தெரியும்லே."

மேடம் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார். எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சையில் இவனுக்கு நூற்றுக்கு ஏழு போட்டது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ஏழில ரெண்டு சார் இரங்கிப் போட்டதாக்கும் மேடம்" என்றான். அதுவும் உண்மைதான்.

ஒரு மணி நேரத்தில் ஐம்பத்தாறு வாளி தண்ணீர் போனது. என் கரையில் குழி மூன்றே கோடு. ஒன்றரை சென்டிமீட்டர். கடைசி இருபது நிமிடம் ஒரு கோடுகூட ஏறவில்லை. மத்தியானத்துக்குமேல் அக்கரையில் அளந்தார்கள். அங்கே இடத்தை மேடமே பார்த்து எடுத்தார், ஏனென்றால் பால்வெட்டுகாரன், "எல்லாம் ஒரே மண்ணுதான், எங்கெண்ணாலும் குத்துங்க" என்று சொல்லிவிட்டான். பதினான்கு கோடு. ஏழு சென்டிமீட்டர். நான் இக்கரையில் நின்று அதைக் கேட்டபோது எனக்குள் ஏற்பட்டது மகிழ்ச்சி என்று இப்போது ஒப்புக்கொள்வதில் தடையில்லை. சாமான்களை ஜீப்பில் ஏற்றும்போது மேடம் என் பக்கமாக வந்து, குரலைத் தாழ்த்தி, "அந்த எடத்த நீங்கதானே சார் காட்டினீங்க" என்றார். அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. நான் மழை வருமா என்பதுபோல மேலே பார்த்தேன். மேகம் ஒன்றுகூட இல்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தலைவர் என் ஏழு மனுக்களையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டார், மறு கையில் மேடத்தின் தாளை. "சாரே, இதில கரை போச்சு போச்சுண்ணு எழுதியிருக்கு. இதில கரை பாறைபோல நிக்குது. ரெண்டில ஏதாக்கும் கள்ளம்?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டும் கள்ளம்தான். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். சுவர் அக்கரைக்கு என்று முடிவானது. திரும்பி வரும்போது பால்வெட்டுகாரன் என்கூடவே நடந்து வந்தான். "ஜீவிதத்தில மார்க்கு கொறஞ்சதுக்கு ஒரு பலன் இப்பம்தான் சாரே கிட்டிச்சு" என்றான். கிண்டலா, நன்றியா என்று பிரித்துப் பார்க்க எனக்கு அன்றும் தெரியவில்லை. ஒரு வாரத்துக்கு நான் கடவுக்கே போகவில்லை. குளியல் கிணற்றடியில்.

மேடம் தன் தாளின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தார்: இரண்டு கரைகளிலும் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள மண் அளக்கப்படவில்லை. கூட்டத்தில் யாரும் அதை வாசிக்கவில்லை. நான் வாசித்தேன், வாசித்துவிட்டு மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை. மே 14, சனிக்கிழமை, தோடு முழங்காலுக்கும் கீழே வற்றிக் கிடந்த நாளில், ஜீப் இல்லாமல், இரண்டு பேருந்து மாறி வந்து இறங்கினார். ரப்பர்க் குழாயையும் பித்தளை மூக்கையும் வளையத்தையும் என் குடைக்கம்பியையும் துணிக்கடைப் பை ஒன்றில் சுருட்டி வைத்திருந்தார். கல்லூரி அனுப்பவில்லை, தானாகத்தான் வந்தேன் என்றார். "தண்ணிக்கு அடியில கெடந்த மண்ண நான் பாக்கல சார். அது மனசில கெடந்து உறுத்துது." டிரம் பால்வெட்டுகாரன் வீட்டில் இருந்தது. ரப்பர் பால் உறையவைக்க அவன் அதைக் கேட்டு வாங்கி வைத்திருந்தான். அவன் அன்று வேலைக்குப் போய்விட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப வேண்டாம் என்று நாங்கள் இருவருமாகவே டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தோம். தண்ணீர் நான் கோரினேன். அறுபத்தாறு வயதில் அது செய்யக்கூடிய வேலையல்ல. முதுகுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு வாளியையும் தூக்கினேன்.

முதலில் அக்கரை. அடியில் இருந்த மண் மேலே இருந்ததைப் போலவேதான். ஒரு மணி நேரத்தில் ஒன்பது சென்டிமீட்டர். பிறகு என் கரை. மூன்றாவது தென்னைக்கு நேர் கீழே, பிப்ரவரியில் முன்பெஞ்சு மாணவனாக நான் காட்டிய அதே செம்மண்ணுக்கு நாலடி தாழ்வில், சாம்பல் நிறத்தில் மணல் கலந்த ஒரு அடுக்கு வெளியே தெரிந்தது. நாற்பது வருடம் அந்தக் கரைமேல் நடந்திருக்கிறேன், அப்படி ஒரு மண் என் நிலத்துக்கு அடியில் இருப்பது எனக்குத் தெரியாது. மேடம் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது. வளையத்தைப் பதித்துத் தண்ணீரைத் திறந்தோம். முதல் ஐந்து நிமிடத்தில் இருபத்திரண்டு சென்டிமீட்டர். நான் கோட்டைத் தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்து மறுபடி எண்ணினேன். நாற்பத்து நான்கு கோடுதான். இரண்டாவது முறை அவர் கம்பியை உள்ளே விட்டபோது அது எங்கும் முட்டவில்லை. சிவப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக மூக்குக்குள் மறைந்தன. நூறு, நூற்றுப் பத்து. அவருடைய விரல்நுனி பித்தளையைத் தொட்டது. கம்பி வழுக்கி உள்ளே போய்விட்டது. கரைக்குள்ளே எங்கோ அது விழும் சிறு சத்தம் கேட்டது, கிணற்றில் சாவி விழுவதுபோல. உள்ளே நண்டுப் பொத்து இருக்கவேண்டும், நண்டுகள் குடைந்து குடைந்து பெரிதாக்கிய வெற்றிடம். மேலே என் ஒன்பது தென்னைகளும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

மேடம் குழியைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பத்தேழு என்று எழுதினார். அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது அந்த ஒரு கணம்தான். நான் வாளியோடு திகைத்து நின்றபோது, இவர் நேரத்தைக் குறித்துவிட்டுத்தான் என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

கடவுப் படியில் உட்கார்ந்து, பால் விடாத கட்டன் சாயா குடித்தோம். என்ன எழுதப் போறிய என்று கேட்டேன். "கண்டத எழுதணும் சார். எழுதினா சுவர் இந்தப் பக்கம் வந்திரும். இன்னும் வேல தொடங்கல்லல்லா" என்றார். உண்மைதான். அக்கரையில் கருங்கல் இறக்கியிருந்தார்கள், அடித்தளம் தோண்டவில்லை. விதி ஒன்றுதான்: எது சீக்கிரம் கரைகிறதோ அதற்குச் சுவர். மூன்று வருடமாக நான் கேட்டது, நானே கெடுத்துக்கொண்டது, இப்போது தானாக என் மடியில் வந்து விழுகிறது. அக்கரையில் பால்வெட்டுகாரனின் மனைவி வீட்டுக்குப் பின்னால் கயிற்றில் ரப்பர் ஷீட்டுகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கயிற்றின் ஒரு முனை பின்சுவர் ஆணியில், மறு முனை கரை விளிம்பில் நட்ட கம்பில். பதினொரு காலடிக் கயிறு.

மேடம் தன் ஊரைப் பற்றிச் சொன்னது அன்றுதான். "எங்க வீட்ட மூணு வாட்டி உள்ள தள்ளிக் கட்டியாச்சு சார். முத வீடு இருந்த எடத்தில இப்ப வள்ளம் ஓடுது. எங்கப்பா எங்க கரைக்கு ஒண்ணும் ஆகாதுண்ணு சொல்லிக்கிட்டே இருப்பாரு. அளந்து வச்சா, எப்ப எந்திரிச்சுப் போணும்ணாவது தெரியும்லா." சொல்லிவிட்டுச் சாயாவைக் குடித்தார். அதில் எனக்கு அறிவுரை ஒன்றும் இல்லை. அப்பாவை நினைத்துத்தான் சொன்னார். ஆனால் எனக்கு உறைத்தது.

"மேடம், ஒங்க தாள்ல கரைக்கு மேல யாரு இருக்காண்ணு எழுத எடம் உண்டுமா?"

"இல்ல சார். மண்ணப் பத்தி மட்டுந்தான்."

"அப்பம் அத நான் எழுதணும்."

எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. கணக்கில் சிக்கல் ஒன்றும் இல்லை. இந்தப் பக்கம் ஒன்பது தென்னை, வருடத்துக்கு மரத்துக்கு அறுபது காய். என் வீடு கரையிலிருந்து நூற்றுப் பத்துக் காலடி. அந்தப் பக்கம் நான்கு உயிர், பதினொரு காலடி. பெருக்கவோ வகுக்கவோ எதுவும் இல்லை, ஒன்றாம் வகுப்புக் கணக்கு. தென்னை போகும் வேகத்தையும் கணக்கிட்டேன்: பத்து வருடத்தில் மூன்று மரம். தாங்கிக்கொள்ளலாம். நான்கு நாளும் பிடித்தது வேறொரு வரி. பிப்ரவரியில் அளந்த இடத்தைக் காட்டியது நான், அது என் கரையிலேயே கெட்டியான இடம் என்று தெரிந்துதான் காட்டினேன் என்பதை எழுதவேண்டும். அதை எழுதாமல் மேடத்தின் இரண்டு தாள்களுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்துக்கு யார் காரணம் சொல்வது? அவர் தப்பாக அளந்தார் என்று ஆகிவிடும். நான் போட்ட கோடுகளைக்கூடச் சரிபார்த்துவிட்டே அளந்த பெண்ணின் மேல் அந்தப் பழி விழக்கூடாது. ஐந்தாம் நாள் காலை எழுதினேன். அது என் எட்டாவது மனு. அளவு இரண்டும் சரி. இடம் நான் காட்டியது. என் கரை அடியில் பலவீனமானது. இருந்தாலும் சுவர் அக்கரையில் கட்டுவதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை, அங்கே வீடு இருக்கிறது. கையெழுத்துப் போட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைவர் வாசித்து முடித்து, இந்த முறை சிரிக்காமல், "நல்லா யோசிச்சுதானா சாரே?" என்றார். எண்ணிப் பார்த்துத்தான் என்றேன்.

ஓணத்துக்கு முன் அக்கரையில் சுவர் எழுந்தது. வரிசை குலையாத நல்ல வேலை. மேடம் தன் படிப்பை முடித்துவிட்டு வெளியூரில் வேலைக்குப் போனார். போகும் முன் என்னிடம் ஒரு உதவி கேட்டார்: என் நிலத்து எல்லைக்கல்லிலிருந்து கரை விளிம்புவரை மாதம் ஒருமுறை அளந்து அனுப்ப முடியுமா? எனக்கு அதைவிடப் பொருத்தமான வேலையை யாரும் தந்ததில்லை. முதல் அளவு பன்னிரண்டு மீட்டர் நாற்பது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அளந்து, தபால் அட்டையில் எழுதி அனுப்பினேன். அந்த ஐப்பசி மழையிலேயே இரண்டு தென்னை ஒரே இரவில் போயின. ஏழாவதும் ஒன்பதாவதும். பத்து வருடத்துக்கு மூன்று என்ற என் கணக்கு அன்றைக்கே செத்தது. மேடத்தின் இரண்டாவது எண்ணை நான் வசதியாக விட்டுவிட்டுக் கணக்குப் போட்டிருந்தேன். மேலே செம்மண் பாறை மாதிரி நின்றது, அடியில் சாம்பல் மண் போய்க்கொண்டே இருந்தது, ஒருநாள் மேலே உள்ளது மொத்தமாகச் சரிந்தது. என் மூன்றாவது மரமும் நான்காவதும், முதல் பரிசு வாங்கிய அந்த இடமும், அடுத்த வருடம் ஒரே துண்டாகத் தண்ணீரில் இறங்கின. நான் தொலைபேசியில் சொன்னபோது அவர் ஐயோ என்று சொல்லவில்லை. "எத்தன மீட்டர் சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு ஆறுதலாக இருந்தது. மற்ற எல்லாரும் ஐயோ என்றார்கள்.

2014இல் பால்வெட்டுகாரனின் மூத்த மகளுக்குக் கல்யாணம். நெயில் பாலிஷ் கொடுத்த அதே பிள்ளை. வீட்டுக்கும் சுவருக்கும் இடையில் உள்ள பதினொரு காலடி நிலத்தில்தான் பந்திக்கு அடுப்பு மூட்டியிருந்தார்கள். ஐந்து அடுப்பு. மேடம் அத்தனை தூரத்திலிருந்து வந்திருந்தார். சுவரின் மேல் விளிம்பில் கையை ஊன்றி இக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது என் பக்கத்தில் ஒரு தென்னைதான் மிச்சம், வரிசையின் முதல் மரம், அதுவும் தண்ணீர் பார்த்துச் சாய்ந்து. எவ்வளவு போகும் என்று அவர் முன்பே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார்: நான்கு மழைக்காலத்தில் மூன்று முதல் நான்கு மீட்டர். என் தபால் அட்டைகளில் உள்ள அளவு அதற்குள்தான் நிற்கிறது என்று சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் மண் போனதில் எனக்கே பெருமை வருவது முறையா என்று தெரியவில்லை, ஆனால் வந்தது. தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த பால்வெட்டுகாரன் எங்களைப் பார்த்து, "சாருக்க தேங்காயாக்கும் மேடம். கடசி வெட்டு. பைசா வாங்க மாட்டேண்ணுட்டாரு" என்றான். பிறகு என்னிடம் திரும்பி, "எத்தனண்ணு எண்ணித் தந்தியளா சாரே?" என்றான். முப்பத்தெட்டு என்றேன். எண்ணாமல் எப்படிக் கொடுப்பது?

அந்தக் கடைசி மரம் மறுவருடம் போனது. அதன்பின் தோடு என்னைத் தொந்தரவு செய்யவில்லை. சாம்பல் அடுக்கு அந்த இடத்தோடு முடிந்து, அதற்கு உள்ளே நல்ல களிமண் இருக்கிறது. மேடம் ஒருமுறை வந்து வேறொரு கம்பியால் அளந்து பார்த்துச் சொல்லிவிட்டார். இந்தமுறை இடத்தை அவரே எடுத்துக்கொண்டார், நான் பத்தடி தள்ளி நின்றேன். எல்லைக்கல்லிலிருந்து கரைவரை இப்போது எட்டு மீட்டர் தொண்ணூறு. மூன்று வருடமாக ஒரு சென்டிமீட்டர் மாறவில்லை. மாறாவிட்டாலும் மாதம் ஒருமுறை அளக்கிறேன்.

இன்று 2018 ஜூன் 3, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணி. இடவப்பாதி மழை, தென்மேற்குப் பருவமழை, நேற்றிரவு தொடங்கி நிற்காமல் பெய்கிறது. அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு கரையில் நிற்கிறேன். அக்கரையில் சுவர் நனைந்து கறுத்திருக்கிறது. அதற்குப் பின்னால் சமையலறைப் புகை. பால்வெட்டுகாரன் கதவுப்பக்கத்திலிருந்து, "எத்தன சாரே?" என்று கூவுகிறான். அதே எட்டுத் தொண்ணூறு என்று நான் கூவுகிறேன். குடை ஏழு கம்பியில் நிற்கிறது. எட்டாவது இருக்கவேண்டிய இடத்தில் துணி தொய்ந்து, மழை அந்த வழியாக இறங்கி என் இடது தோளை நனைக்கிறது. இந்த வயதில் சளி பிடித்தால் லேசில் விடாது. புதுக் குடை வாங்கலாம். ஆனால் இதை மாற்ற எனக்கு மனமில்லை. அந்தச் சுவருக்காக எனக்கு ஆன மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால், பெரிதாக ஒன்றும் இல்லை: தென்னை ஒன்பது, நிலம் நாலேகால் சென்ட், குடைக்கம்பி ஒன்று.